இருபத்தேழு எண்ணிச் செத்த இன்ஸ்பெக்டர்

ஒன்பது வருடமாக வாரம் ஐந்து நாள் தொலைக்காட்சியில் கொலைகாரர்களைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இன்ஸ்பெக்டருக்கு உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. உடம்புக்காரர் நாயகன். அவர் கடை திறக்கப் போனால் தெருவே அடைத்துக்கொள்ளும். குரல்காரரையோ அவர் வீட்டுக்குக் கீழே இருந்த மருந்துக் கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. நாயகனின் சொந்தக் குரல் கீச்சென்று இருக்கும். அதைக் கேட்டால் திருடனே சிரித்துவிடுவான் என்று முதல் நாளே பயந்துபோன இயக்குநர் இவரைக் கூப்பிட்டார்.

நாயகனுக்கு வசனம் மனப்பாடம் ஆகாது. ஆகவில்லையே என்று அவர் கவலைப்பட்டதும் கிடையாது. கேமரா முன்னால் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே முகத்தை மட்டும் விறைப்பாக வைத்துக்கொள்வார். அந்த வாயசைவுக்குள் வசனத்தைத் திணித்து உயிர் கொடுப்பது குரல்காரரின் தலையெழுத்து. 'பதினொண்ணு'க்குக் 'கைது பண்ணு' கச்சிதமாக உட்காரும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

கதையில் இன்ஸ்பெக்டரைக் கொன்றுவிடப் போகிறார்கள் என்றதும் வேலை போகிறதே என்று குரல்காரர் முதலில் வருத்தப்பட்டார். அப்புறம் வருத்தத்தை ஓரங்கட்டிவிட்டு ஓர் ஆசை வந்து உட்கார்ந்தது. ஒன்பது வருடம் அதட்டி அதட்டியே தொண்டை காய்ந்தவருக்கு இப்போதுதான் ஒரு நல்ல சாவு கிடைத்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அழும்படி அதைப் பேசிவிட வேண்டும்.

பாழடைந்த கிடங்கில் குண்டடிபட்டு, கான்ஸ்டபிள் மடியில் தலைவைத்துக் கிடந்தார் நாயகன். இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு என்று திணறி, இருபத்தேழில் உயிரை விட்டார். அந்த எண்களுக்குள் அடங்க வேண்டிய வசனம் இதுதான்: "வீட்ல கதவைத் தாழ் போட வேணாம்னு சொல்லு. நான் வந்துடுவேன்."

நின்றபடி பேசினால் குரலில் சாவு வரவில்லை, ஆரோக்கியம்தான் வந்தது. குரல்காரர் ஒலிப்பதிவு அறையின் தரையிலேயே மல்லாந்து படுத்தார். மைக்கைத் தாழ்த்தச் சொன்னார். நெஞ்சுக்குப் பாரம் வேண்டும் என்று ஒலிப்பதிவாளரின் மடிக்கணினிப் பையை மேலே தூக்கி வைத்துக்கொண்டார். ஒலிப்பதிவாளர் கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, வெடிகுண்டு வெடித்தாலும் அசையாமல் இருக்கிற ஆள். பதினான்காவது தடவை பேசி முடித்தபோது அவர் பதிவை நிறுத்திவிட்டார்.

"போதும்ணே. இதுக்கு மேல என்னால கேக்க முடியாது."

அன்று குரல்காரருக்கு வீடுவரைக்கும் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் இயக்குநர் போன் செய்தார். உடம்பு எப்படி, வீடு எப்படி என்று சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். நாயகன் இந்தக் காட்சியை விருதுக்கு அனுப்பப் போகிறாராம். அதற்குச் சொந்தக் குரல் இருந்தால்தான் எடுபடுமாம். அதனால் கடைசி வசனத்தை அவரே பேசிவிட்டாராம். ஒரு வரிதானே, பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஒன்பது வருடம் எண்களைத் தவிர வேறெதுவும் பேசாத மனுஷனுக்குச் சாகும்போது மட்டும் வசனம் மனப்பாடமாகிவிட்டது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, சரிங்க சார் என்றார் குரல்காரர். போனை வைத்த பிறகு தன்னையே கண்டபடி திட்டிக்கொண்டார்.

ஒளிபரப்பான அன்று மனைவிக்கு மருத்துவமனையில் மாலை ஷிஃப்ட். வீட்டில் அவரும் மாமியாரும்தான். மாப்பிள்ளை டிவியில் ஏதோ பேசுகிற வேலை பார்க்கிறார் என்று மாமியாருக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் என்றால் அவருக்கு உயிர். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

குண்டு படும்வரை இவர் குரல். கீழே விழுந்ததும் கீச்சு. இப்போதாவது கண்டுபிடிப்பார் என்று குரல்காரர் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"சாகப் போற நேரத்துல குரலே மாறிப்போச்சு பாத்தீங்களா மாப்பிள்ளை? எவ்வளவு வலிச்சிருக்கும். என்னமா நடிக்கிறார்."

அதற்கு மேல் குரல்காரரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து டிவியை அணைத்தார். கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, அந்த வசனத்தை முதல் சொல்லிலிருந்து கடைசி மூச்சுவரை முழுசாகப் பேசினார். அப்படி ஒரு சாவை ஒலிப்பதிவு அறையிலும் அவர் பேசியதில்லை. மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"எந்திரிங்க மாப்பிள்ளை. செத்துப் போன மனுஷனைப் போய்க் கேலி பண்ணலாமா?"