கரன்ட் வந்தும் எழுந்திருக்காத டேட்டாபேஸ்

எனக்கு எழுபத்தாறு வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்தேன். தினம் காலையில அஞ்சு பேரையும் எழுப்பியே பாதி ஆயுசு போச்சு. இப்போ ஒரு கம்ப்யூட்டரையும் எழுப்பணுமாம்… நியாயமா?

டெல்லிக்கு வைத்தியத்துக்கு வர்ற நம்மூர்க்காரங்களுக்குக் கஞ்சியும் ரசம் சாதமும் செஞ்சு ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்பறேன், உங்களுக்குத் தெரியும். முன்னெல்லாம் போன்ல சொல்வாங்க. என் சின்ன மகன் சேகர் – சாஃப்ட்வேர்காரன் – பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ், அதுல ஒரு டேட்டாபேஸ் போட்டுக் கொடுத்தான். இப்போ அவங்க போன்ல தட்டினா, ஆர்டரெல்லாம் அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்.

போன வாரம் ஒருநாள் விடியறப்போ பிஜ்லி – இங்கே கரன்ட்டுக்கு அதான் பேர் – போச்சு. திரும்பி வந்துச்சு. கம்ப்யூட்டரும் வந்துச்சு. ஆர்டர் மட்டும் தெரியலை. சேகர் பெங்களூர் ஃபிளைட்ல.

அவன் பொண்ணு நித்யா தட்டிப் பார்த்தா.

"பாட்டி, லினக்ஸே தர்ற பேக்கேஜா போட்டிருந்தா, கரன்ட் வந்ததும் டேட்டாபேஸ் தானா ஸ்டார்ட் ஆகியிருக்கும். அப்பா நெட்லேர்ந்து வெறும் பைனரியை, அதாவது ஓடற ஃபைலை மட்டும், டவுன்லோட் பண்ணி, எங்கயோ ஒரு ஃபோல்டர்ல வெச்சு, கையால ஸ்டார்ட் பண்ணிருக்கார்."

"எந்த ஃபோல்டர்?"

"அப்பாவுக்குத்தான் தெரியும்."

இது என்ன திமிர்? அடுப்பை வெச்சுக் கொடுத்துட்டு, தீப்பெட்டியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போவாங்களா?

அவன் இறங்கி, போனை எடுத்து, வழி சொல்லி, ஆர்டர் தெரியறதுக்குள்ள மத்தியானம் தாண்டிடுச்சு. அதுல ஒரு தஞ்சாவூர் அம்மா. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி, அன்னைக்குக் காலையிலேர்ந்துதான் வாயால கஞ்சி குடிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். முந்தின ராத்திரியே ஆர்டர் போட்டு, 'வந்துடும்'னு பதிலும் போயிருக்கு. பாவம், வெயில்ல வாசல்லயே நின்னிருக்காங்க.

நானே ஆட்டோ பிடிச்சு ஓடினேன். "பரவாயில்லம்மா"ன்னாங்க. அந்தப் பரவாயில்லைதான் எனக்குத் தாங்கலை.

சேகர் திரும்பி வந்தான். பிடிச்சேன்.

"அம்மா, பேக்கேஜ்ல பழைய வெர்ஷன்தான் கிடைக்கும். நான் போட்டது லேட்டஸ்ட்."

"உன் லேட்டஸ்ட் தூங்கிட்டு இருந்துச்சுடா. பழசு எழுந்திருக்குமா, இல்லையா?"

"…எழுந்திருக்கும்."

"அப்போ பழசைப் போடு."

அவனோட சொந்தக் கம்ப்யூட்டர்ல பைனரியோ, பத்து வெர்ஷனோ, ஆசை தீரப் போட்டுப் பார்க்கட்டும். யார் கேட்கப் போறா? ஆனா நாலு பேர் சாப்பாடு நம்பி இருக்கிற இடத்துல, நீ இல்லாதப்பவும் ஓடற மாதிரி வெச்சுட்டுப் போ. அதுக்குப் பேர்தான் வேலை.

நித்யா, நான் சொல்லச் சொல்ல எழுதினதை வாசி பார்ப்போம்… உங்கப்பா வர்ற இடத்துல மட்டும் ஏன் குரல் இறங்குது? சத்தமா வாசி – அவன் பக்கத்து ரூம்லதான் இருக்கான்.