நீலாம்பாளுக்குக் கப்பல் காட்டிய கதை

ஸ்ரீவைகுண்டத்தில் காந்திமதிநாதன் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். நேவி அண்ணாச்சி வீடு என்று கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். இரும்பு கேட்டில் நங்கூரம் வரைந்திருக்கும். அந்த கேட்டைத் திறந்தால் கீச்சென்று சத்தம் வராது. கப்பலில் சத்தம் போடுகிற கதவே கிடையாதாம்.

ஐ.என்.எஸ். ஜலவீர் என்ற போர்க்கப்பலின் இயந்திர அறையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர் அவர். ஊருக்கு வந்தாரே தவிர, கப்பலை விட்டு இறங்கவில்லை. கப்பல் பம்பாயில் நின்றுகொண்டிருந்தது. இவர் அதை ஸ்ரீவைகுண்டத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டியது அவர், கரி அள்ளிப் போட்டது அவர் மனைவி நீலாம்பாள்.

சாயங்காலக் காபி ஐந்து மணிக்கு வர வேண்டும். கொஞ்சம் பிந்தினால், "ஏளா, கப்பல்ல இப்படிக் கிடையாது" என்பார். காலரில் லேசாக அழுக்கு நின்றால், கப்பல்ல இப்படிக் கிடையாது. இஸ்திரி மடிப்பு ஒரு நூல் விலகினால், கப்பல்ல இப்படிக் கிடையவே கிடையாது. பட்டன் அறுந்த சட்டையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் அதில் பட்டன் முளைத்திருக்கும். கப்பலில் காபியைக் கொண்டுவந்து நீட்டியது யார், சட்டையைத் துவைத்தது யார் என்று அவர் சொன்னதில்லை. சர்க்கார் கப்பல், சர்க்காரே ஆள் போட்டிருக்கும் என்று நீலாம்பாள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார் என்பதுதான் சரி. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவருக்கு இதைவிட வசதியான மௌனம் வேறு வாய்க்கவில்லை.

தொண்ணூற்று நாலில் ஜலவீருக்கும் வயதாகிவிட்டது என்று முடிவு செய்தார்கள். உடைத்து இரும்பாக விற்கப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்த அன்று காந்திமதிநாதன் சாப்பிடவில்லை. அறைக்குள் போய் அழுதார். அதைக் கேலி செய்ய முடியாது. சண்டைக் காலத்தில் பக்கத்துக் கடலில் குண்டு விழுந்தபோது அவரை உயிரோடு வைத்திருந்தது அந்த இரும்புதான். கூட வேலை பார்த்து இறந்துபோனவர்களின் முகங்களெல்லாம் அவருக்கு அந்த இரும்புக்குள்தான் இருந்தன.

சில மாதம் கழித்து நல்ல சேதி வந்தது. கப்பலை உடைக்கவில்லை, பம்பாய்த் துறைமுகத்திலேயே நிறுத்தி மியூசியமாக்கப் போகிறார்கள். அண்ணாச்சி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். டீக்கடை பிச்சைக்கண்ணுவுக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை.

"ஓடாத கப்பலை வச்சி என்ன அண்ணாச்சி செய்யப் போறாங்க?"

"ஏ பிச்சைக்கண்ணு, நாங்க அங்கன எப்படி வாழ்ந்தோம்னு நாலு பேரு பாக்கண்டாமா? எங்க வாயால சொன்னா யாரு நம்புதா? ஒண்ணு விடாம அப்படியே வைக்காங்களாம் வே!"

ஒன்று விடாமல் வைப்பார்கள் என்பதில் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. பாவம், ஒன்றிரண்டை விட்டுவிட்டால்தான் தனக்கு நல்லது என்று அப்போது தோன்றவில்லை.

மகள் விஜயஸ்ரீ கல்யாணமாகி பம்பாயில், செம்பூரில் இருந்தாள். மியூசியம் திறந்த மறு வருஷம் அவள் வீட்டுக்குப் போகிற சாக்கில் நீலாம்பாளையும் கூப்பிட்டார். "நீங்க சொல்லிச் சொல்லியே நான் முழுசாப் பாத்தாச்சு" என்றாள் அவள். அவர் விடவில்லை. தான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று வீட்டுக்காரி ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பம்பாய்க்கு மும்பை என்று பெயர் மாற்றியிருந்தார்கள். தன்னைக் கேட்காமல் மாற்றிய பெயரை அவர் சட்டை செய்யவில்லை.

கப்பலில் ஏறியதும் மேல்தளத்தைப் பார்த்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். கண் கலங்கிவிட்டது. பீரங்கியைத் தொட்டுக் காட்டினார். நீலாம்பாளும் தொட்டுப் பார்த்து, "நல்ல கனம்" என்றாள். அடுத்தது தன்னுடைய இயந்திர அறை என்று வேகமாகப் படியிறங்கினால் அங்கே கயிறு கட்டி, உள்ளே அனுமதி இல்லை என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள். ஜனங்கள் விழுந்துவிடுவார்களாம். திறந்து வைத்திருந்தது மாலுமிகள் தங்கும் அறையை.

மூன்றடுக்குப் படுக்கைகள். ஒரு ஆள் புரண்டு படுத்தால் மேலே இருப்பவனின் முதுகில் மூக்கு இடிக்கும். நடுவில் சாந்தில் செய்து வர்ணம் பூசிய மாலுமி பொம்மை ஒன்று, பனியனோடு குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, வாளியில் சட்டைக் காலரைக் கசக்கிக்கொண்டிருந்தது. காந்திமதிநாதன் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். பொம்மைக்குப் பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பையன், வெள்ளை உடுப்பு போட்ட இளம் மாலுமி, இந்தியில் விளக்கினான்.

"என்ன சொல்லுதான்?" என்றாள் நீலாம்பாள்.

"அந்தக் காலத்துச் சாமான்களைப் பத்திரமா வச்சிருக்காங்கன்னு சொல்லுதான்."

விஜயஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவன் அதைச் சொல்லலம்மா. கப்பல்ல துணி துவைக்கதுக்கு, பட்டன் தைக்கதுக்கெல்லாம் யாரும் வரமாட்டாங்களாம். அவங்கவங்களே செய்யணுமாம். சாப்பிட்ட தட்டைக்கூட."

"அது சின்னப் பயலுவளுக்கு" என்றார் காந்திமதிநாதன்.

இதோடு விட்டிருந்தால் ஊர் போய்ச் சமாளித்திருப்பார். ஆனால் பேச்சுவாக்கில் அப்பா இதே கப்பலில் இருந்தவர் என்று விஜயஸ்ரீ சொல்லிவிட்டாள். வழிகாட்டிப் பையன் குதிகாலைச் சேர்த்து அவருக்கு ஒரு சல்யூட் வைத்தான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தான். ஊசி, நூல், பட்டன் எல்லாம் அதில் சொருகியிருந்தது. சேர்ந்த அன்றே ஒவ்வொரு மாலுமிக்கும் ஒன்று கொடுப்பார்களாம். பட்டனில்லாத சட்டை ஒன்றையும் நீட்டி, பெரியவர் செய்து காட்டினால் எங்களுக்குப் பெருமை என்றான்.

மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் அத்தனை ஜனம், அத்தனையும் அவரையே பார்க்கிறது. காந்திமதிநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் தடவையிலேயே நூல் ஊசிக்குள் போயிற்று. கண் மூடித் திறப்பதற்குள் பட்டன் ஏறியது; நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். தட்டத் தட்ட அவருக்கு வெறி வந்துவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த கால்சட்டையைத் தானே இழுத்துப் போட்டு, ஏழு கடலுக்கு ஏழு மடிப்பு என்று மடித்துக் காட்டினார். பொம்மையின் கையைப் பார்த்துவிட்டு, "காலரைக் கசக்குத லெச்சணமா இது? ஓரத்துலேருந்துல்லா உள்ள வரணும்" என்று குனிந்து அதற்கும் பாடம் எடுத்தார். மறுபடி கைதட்டல். பையன் ஏதோ சொல்ல, காந்திமதிநாதன் நெஞ்சை நிமிர்த்தி மனைவியிடம் தானாகவே மொழிபெயர்த்தார்.

"கேட்டியாளா? தன் வேலையைத் தானே பாக்கவன்தான் ஆம்பளைன்னு நேவியில சொல்லுவாங்கன்னு சொல்லுதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதிலேயே விழுந்தது. நீலாம்பாள் அவரைப் பார்க்கவில்லை. வாளிக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்த பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செம்பூரிலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலிலும் கேட்கவில்லை. வழக்கம்போல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள், போர்வையை உதறிப் போட்டாள். கத்தினால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். இப்படிச் சும்மா இருந்தால் என்ன செய்வது என்று எந்தக் கப்பலிலும் சொல்லித் தரவில்லை.

ஊருக்கு வந்து அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்து எழுந்தபோது, "தட்டையும் நீங்களேதான் கழுவுவியளோ, அங்கன?" என்றாள். குரலில் சண்டை இல்லை.

"அங்கன வேற ஆளு கிடையாதுளா. அதனால செஞ்சோம்."

"இங்கன மட்டும் ஆளு இருந்துச்சா?" என்றாள் நீலாம்பாள். "உங்க அப்பா ரெண்டு வருசம் படுக்கையில கிடந்தாவ. இடுப்புல பிள்ளை, கையில அவுக துணி. ஆத்துக்கும் வீட்டுக்கும் நான் ஒருத்திதான நடந்தேன்? நீங்க லீவுல வருவிய. வந்ததும் சட்டையைக் கழத்தி என் தோள்ல போடுவிய. இந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்னு நினைச்சில்லா நான் வாங்கிக்கிட்டேன்."

காந்திமதிநாதனுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் வருகிற வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார். பழைய கை மறக்கவில்லை. சாம்பல் தொட்டு, விளிம்பிலிருந்து உள்ளே வட்டமாகத் தேய்த்து, தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றி அலசி, ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

நீலாம்பாள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. சரியாகக் கழுவவில்லை என்று திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.