துப்பறியும் அக்காவும் எட்டாவது ஆளும்

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில் உட்காரும் ஆலோசகருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் துப்பறியும் அக்கா. காரணமில்லாமல் வைக்கவில்லை. வேலை தேடி வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள், செருப்பைப் பார்த்தே அவர் நடந்து வந்தாரா பஸ்ஸில் வந்தாரா என்று முடிவு கட்டிவிடுவார். அனுபவச் சான்றிதழைக் கொடுத்தால் முதலில் வாசிக்க மாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைத்தான் பார்ப்பார். வீட்டிலும் இதே கதைதான். "நான் தும்மினாக்கூட எதுக்குத் தும்மினேன்னு ஒரு விசாரணை நடக்கும்" என்று கணவர் அலுத்துக்கொள்வார்.

ஆனால் தொழிலில் சூரர். வாயைத் திறக்கவே பயப்படுகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, கதவை எப்படித் தட்டுவது, கையை எங்கே வைப்பது, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பத்தொன்பது வருஷமாகப் பழக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறார். யாராவது சொந்தக் கதையை ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். சொந்தக் கதையில் பாதி புளுகு என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவருக்குத்தான் இப்போது அடி விழுந்தது. மருந்துகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கம்பெனி ஒன்று ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் பழக்கி அனுப்பிய ஏழு பேரும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஏழாவது ஆள் நல்ல கெட்டிக்காரன்.

"நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன் மேடம். கடைசியிலே சிரிச்சிட்டு அனுப்பிட்டாங்க" என்றான்.

எதற்குச் சிரித்தார்கள்? அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. யாரோ உள்ளேயிருந்தே குழி பறிக்கிறார்கள். வேறு யார், அடுத்த மேசைக்காரர்தான். அவருடைய மச்சான் அந்தக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறார். போதாக்குறைக்கு, தினமும் பதினோரு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய், வாயைப் பொத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிறார். வேலியே பயிரை மேய்கிறது என்று அக்கா தீர்ப்பே எழுதிவிட்டார். மறுநாள் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"உட்காரவே முடியலே டாக்டர்" என்று முனகிக்கொண்டிருந்தார் அடுத்த மேசைக்காரர். "மூலம்னா இவ்வளவு வலிக்குமா? வெளியே சொல்லவும் வெக்கமா இருக்கு."

அக்கா தண்ணீர்க் குவளையோடு ஓசைப்படாமல் திரும்பிவிட்டார். அப்போதும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. மூலம் இருக்கிறவன் கோள் சொல்ல மாட்டானா என்ன?

எட்டாவதாக வந்தவள் ஒரு பெண். தையல் ஆலையில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை பார்த்தவள். அதன்பிறகு ஆறு வருஷம் எங்கேயும் வேலை இல்லை. கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருக்கிறான். வீட்டில் சம்பாதிக்க இப்போது அவள் ஒருத்திதான். மருந்துக் கம்பெனி நாற்பது வயதுக்கு மேல் ஆள் எடுக்காது. அவளுக்கு அடுத்த வாரம் நாற்பது முடிகிறது. இந்த நேர்முகத்தில் தவறினால் அந்தக் கதவு மூடியது மூடியதுதான்.

"ஆறு வருஷத்தைப் பத்திக் கேட்டா, குடும்பச் சூழ்நிலைன்னு சொல்லிடு" என்றார் அக்கா.

"இல்ல மேடம், அங்கே என்ன நடந்துச்சுன்னா..."

"அதெல்லாம் யாருக்கும் வேண்டாம். நான் சொல்றதை மட்டும் சொல்லு."

ஆனால் இந்தத் தடவை அவளைத் தனியாக அனுப்ப அக்காவுக்கு மனம் வரவில்லை. கம்பெனியில் யார் காலை வாருகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளோடு போய், வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நேர்முகம் நடந்த அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அது கூரை வரைகூடப் போகவில்லை. உள்ளே பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

முதலில் போனவன், அக்கா எப்போதோ பழக்கிய ஆள். "உங்க பலவீனம் என்ன?" என்று மேனேஜர் கேட்டார்.

"எடுத்த வேலையை முடிக்காம வீட்டுக்குப் போக மனசு வராதுங்க. அதுதான் என் பலவீனம்."

அக்கா சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சுவிட்டு, சொல்லிக்கொடுத்த இடத்தில் குரலைத் தாழ்த்தினான். அக்காவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்துப் போன பெண்ணை அவர் பார்த்ததே கிடையாது. அவளும் அதே கேள்விக்கு அதே பதிலை, அதே இடத்தில் மூச்சுவிட்டுச் சொன்னாள். அக்காவின் பாடம் வாய்வழியாக ஊருக்கே பரவியிருக்க வேண்டும். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்களுமா? வீட்டுக்கே போகாத ஆளுங்களா வந்து சேருதே! அந்த வேலைவாய்ப்பு ஆபீஸ்ல கிளி வளக்கிறாங்கப்பா. அங்கேருந்து வந்தவங்கன்னா இனிமே உள்ளேயே விடாதே" என்று பியூனிடம் சொன்னார்.

அக்காவுக்குக் காது சூடேறியது. ஏழு பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டது யார் என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாரே, அந்தக் கை அவருடைய கைதான்.

"நான் சொன்னதெல்லாம் மறந்துடு" என்றார் பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாக.

"ஐயோ, மூணு நாளா மனப்பாடம் பண்ணேனே மேடம்! இப்போ நான் என்னத்தைச் சொல்ல?"

"அந்த ஆலையிலே என்னதான் நடந்தது?"

அவள் கடகடவென்று சொன்னாள். "நானூறு சட்டை, மேடம். அக்குள்ல தையலே நிக்கலே. பாஸ் போடுன்னாரு சூப்பர்வைசர். மாட்டேன்னேன். விடாம மிரட்டினாரு. பெட்டியைத் தூக்கி அவர் மேசையிலேயே கவுத்துட்டேன். சண்டைக்காரின்னு எல்லா ஆலைக்கும் சொல்லிட்டாரு."

பழக்கதோஷம், அக்கா அவள் கண்ணையே உற்றுப் பார்த்தார். மெய்யா பொய்யா என்று ஒன்றும் பிடிபடவில்லை.

"இதைச் சொன்னா வேலை குடுப்பாங்களா மேடம்?"

"தெரியலேம்மா."

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பியூன் கூப்பிட்டான். அவள் எழுந்தாள். கோப்பிலிருந்து வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பரிந்துரைச் சீட்டை உருவி, அக்காவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆறு வருஷத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி. நானூறு சட்டையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மேசையிலேயே கவுத்தீங்களா?"

"ஆமாங்க."

"இங்கே மாத்திரை அட்டையிலே லேபிள் மாறியிருந்தா?"

"யார் சொன்னாலும் அனுப்ப மாட்டேங்க."

மேனேஜர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிறகு கேட்டார்: "உங்களையும் அந்த ஆபீஸ்தான் அனுப்பிச்சுதா?"

அக்கா மடியிலிருந்த சீட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"எந்த ஆபீஸுங்க? அந்தப் பக்கமே நான் போனதில்லை. கேட்டுல போர்டு பார்த்தேன், வந்தேன்."

"அப்போ திங்கட்கிழமை காலையிலே எட்டு மணிக்கு வந்துடுங்க."

எத்தனையோ பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அக்கா. இந்தப் பொய்யில் ஒரு பிசிறுகூட அவருக்குக் கேட்கவில்லை. சந்தோஷம்தான். அவமானம் அதைவிட அதிகம். சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, அவள் வெளியே வருவதற்குள், யாரோ எவரோ போல எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார்.