நார்மனின் பைக்கும் க்ளைவ் வீட்டு ஃபோர்க்கும்

எனக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் நார்மன், சின்னவன் க்ளைவ். இருவருக்கும் பொதுவாக ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் பைக் இருந்தது. அதைச் செய்த தொழிற்சாலை எங்கள் ஸ்மால் ஹீத் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நார்மனுக்கு அங்கேயே வேலை, சக்கரங்களுக்குக் கம்பி கோக்கும் பிரிவில். அந்த பைக்கின் உடம்பு முப்பது வருஷத்துக்கு மேல் நார்மனின் கொட்டகையில் ஒரு மரப்பெட்டிமேல் முட்டுக் கொடுத்து நின்றது. முன்சக்கரமும், அதைத் தாங்கி மேடு பள்ளத்தில் ஸ்பிரிங்கோடு இறங்கி ஏறும் ஃபோர்க்கும் க்ளைவின் கட்டிலுக்கு அடியில், பழைய கம்பளியில் சுற்றிக் கிடந்தன.

காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை நார்மன் ஃபோர்க்கைக் கழற்றி, ஆயில் மாற்றி, திரும்ப மாட்டினான். மத்தியானம் க்ளைவ் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் கிளம்பினான். அங்கே நடனப் போட்டி. க்ளைவ் அப்படி ஆடுவான். மேடையில் ஏறினால் என் தம்பிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஊர் தாண்டி ஒரு வளைவு, மேடும் பள்ளமுமான ரோடு. வண்டி வேலியில் போய்ச் சாய்ந்தது. வண்டிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அடியில் மாட்டிய க்ளைவின் முழங்கால் அதற்கப்புறம் மடங்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

"ஃபோர்க் இறங்கவே இல்ல. கட்டையாட்டம் நின்னுச்சு. நீ ஒழுங்கா மாட்டல."

"நான் ஒழுங்காத்தான் மாட்டுனேன். நீ கண்ணு மண்ணு தெரியாம போயிருப்ப."

இவ்வளவுதான் சண்டை. இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊன்றுகோலோடு வீடு திரும்பிய க்ளைவ், நார்மன் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஒரு சிநேகிதனைக் கூட்டி வந்து முன்பாதியைக் கழற்றிக்கொண்டு போனான். கேட்டதற்கு, "அது சாட்சி, அக்கா. அவன் கையில இருந்தா சரி பண்ணி வச்சிடுவான்" என்றான். சாட்சியாம்! எந்தக் கோர்ட்டுக்கு என்று கேட்டேன்.

நார்மனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் அவனே சொல்வான். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளாகச் சேர்ந்தான். பாய்லர் பார்ப்பது, பனி விழுந்தால் வாசலில் உப்புத் தூவுவது, கூரையில் விழுந்த பந்துகளை எடுத்துக் கொடுப்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை ஃபுட்பால். க்ளைவும் அதே மைதானத்துக்கு, அதே அணிக்குக் கத்தத்தான் போவான், ஆனால் எதிர்க் கோடியில் உட்காருவான். நம் அணி தோற்றால் இருவரும் தனித்தனியாக என் வீட்டுக்கு வந்து ஒரே புலம்பலைப் புலம்புவார்கள். கிறிஸ்துமஸ் அன்று நார்மனுக்குச் சமைப்பேன், மறுநாள் க்ளைவுக்கு. மிஞ்சின வான்கோழியைத்தான் தனக்குப் போடுகிறேன் என்று க்ளைவ் வருஷாவருஷம் குத்திக்காட்டுவான். வீம்பு பிடித்த ஜென்மங்கள். எங்கள் அம்மா சாகும்போதுகூட ஒருவன் படுக்கைக்கு வலப்பக்கம், ஒருவன் இடப்பக்கம்.

போன வருஷம் நார்மனுக்கு வயிற்றில் புற்று வந்தது. வெட்டிப் பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று தைத்து அனுப்பிவிட்டார்கள். நான்தான் அவன் வீட்டுக்குக் குடிபோய், முன்னறையில் கட்டிலைப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். நல்ல ஆகிருதியாக இருந்தவன் கோடைக்குள் எலும்பும் தோலுமாகிவிட்டான். ஒருநாள் அரிசிப் பாயசத்தை இரண்டு ஸ்பூனோடு தள்ளி வைத்துவிட்டு, "அக்கா, அந்த வண்டி ரெண்டு சக்கரத்துல நிக்கிறத ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்றான்.

அன்றே க்ளைவ் வீட்டுக்குப் போனேன்.

"அவன் கேக்கட்டும், குடுக்கிறேன்."

"அவன் கேக்கிற நெலமையில இல்லடா."

"நான் வேற என்ன கேட்டேன்? 'நான் ஒழுங்கா மாட்டல'ன்னு ஒரு வார்த்தை. அத அவன் வாயால கேக்கணும். என் வாழ்க்கையே அதுல போச்சுக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் செத்ததுக்கு அப்புறம் கட்டிலுக்கு அடியில கெடக்கிற ஃபோர்க்க உன் காதுல வச்சு, அந்த வார்த்தையச் சொல்லுதான்னு கேளு" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நின்றான். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற தள்ளுவண்டியில் கம்பளி மூட்டை, தோளில் சக்கரம். பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்றார்களாம், விந்தி விந்தி நடந்தே வந்திருக்கிறான். நார்மனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். நான் எவ்வளவு சொல்லியும் அவன் மனதில் இருந்தது பழைய நார்மன்தான்.

"வந்துட்டியா" என்றான் நார்மன்.

"ஃபோர்க்கைக் குடுக்க வந்தேன்" என்றான் க்ளைவ்.

நார்மனைப் போர்வையோடு கொட்டகைக்குக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தேன். க்ளைவ் தரையில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டான். உள்ளே ஆயில் தார் மாதிரி உறைந்திருந்தது. துடைத்துத் துடைத்து என் பழைய துணியெல்லாம் தீர்ந்தது. நார்மன் எப்போதோ வாங்கி வைத்த புது சீல்கள், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள், டப்பாவில் இருந்தன. ஃபோர்க்குக்கு இரண்டு கால், ஒவ்வொன்றும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் இரண்டு குழாய். முதல் காலின் மேல்குழாயைக் கீழ்க்குழாய்க்குள் இறக்கி க்ளைவ் நிமிர்ந்தபோது நார்மன் இருமினான். இருமல் இல்லை, சிரிப்பு.

"சீல் மூடி எங்கடா?"

க்ளைவ் கீழே பார்த்தான். மூடி அவன் காலடியில் கிடந்தது. அதைக் குழாயில் முதலிலேயே கோத்திருக்க வேண்டும். திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுதானே?"

"நீ எப்ப கண்டுபிடிக்கறேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"பெரிய இன்ஜினியரு."

"ஆடுற காலுக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்றான் நார்மன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது அவனுக்கு. நான் டீ போடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஃபோர்க்கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிங் கீழே தள்ள, குழாய் ஹேண்டில்பாருக்கு அடியிலுள்ள மேல்தட்டின் துளைக்கு எட்டாமல் நழுவி நழுவி இறங்கியது. "அக்கா, தொடப்பக்கட்ட குடு" என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள். என் நல்ல துடைப்பத்தின் கட்டையை அறுத்து, குழாயின் வாய்க்குள் மேலிருந்து அடித்து இறுக்கி, அதைப் பிடித்து க்ளைவ் துளை வழியாக மேலே இழுக்க, குழாய் ஏறி உட்கார்ந்தது. நார்மன் அடியில் போல்ட்டை முடுக்கினான், மூச்சு வாங்க வாங்க. அப்புறம் ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஆயில். பாட்டிலை நார்மன்தான் பிடித்தான். பாதி வெளியே போயிற்று. க்ளைவ் துடைத்துவிட்டு மறுபடி அளந்து கொடுத்தான்.

சக்கரத்தை மாட்டியாயிற்று. அடியிலிருந்த பெட்டியை எடுத்தோம். வண்டி தன் இரண்டு சக்கரத்தில் நின்றது. இதைத்தானே கேட்டாய், வா உள்ளே போய்ப் படு என்றேன். நார்மன் கேட்கவில்லை.

"கடைசி போல்ட்ட இன்னும் இறுக்கல. வண்டில உக்காந்து நாலு தடவ அமுக்கி விடணும். ரெண்டு காலும் தானா ஒரு சீருக்கு வந்த பெறகுதான் அத இறுக்கணும். முன்னாடியே இறுக்குனா ஃபோர்க் இறங்காது. நான் அமுக்கறேன், நீ கீழ இருந்து பாரு."

க்ளைவின் முகம் மாறியது. இறங்காத ஃபோர்க் என்று அவன்தானே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் தூக்கி நார்மனை சீட்டில் வைத்தோம். தூக்குவதற்கு நான் ஒருத்தியே போதும். க்ளைவ் ஸ்பேனரோடு சக்கரத்தடியில் உட்கார்ந்தான். நார்மன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அமுக்கினான். ஃபோர்க் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினான். ஊஹூம்.

அவன் முகம் செத்துப்போயிற்று.

"இறங்கலடா க்ளைவ். மறுபடியும் தப்பா மாட்டிட்டேன். அன்னிக்கும் இப்படித்தான் அவசரத்துல..." என்று தொடங்கியவன் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே அழுதான்.

க்ளைவ் ஆயுள் முழுக்கக் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. பாய்ந்துவிடுவான் என்று எனக்குப் பயம். ஆனால் ஃபோர்க்கில் ஒரு கோளாறும் இல்லை. வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது தெரிந்தது. ஒரு ஸ்பிரிங்கை அமுக்குகிற கனம் என் தம்பி உடம்பில் இல்லை. அதை அவனிடம் யார் சொல்வது?

க்ளைவ் ஸ்பேனரைக் கீழே வைத்தான். மடங்காத காலைக் கையால் தூக்கிப் போட்டு நார்மனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் கையை நீட்டி, நார்மனின் கைகள்மேல் தன் கைகளை வைத்துக்கொண்டான்.

"புது சீல் இல்லையா, மொதல்ல கொஞ்சம் பிடிக்கும். இப்ப சேந்து அமுக்கு."

ஃபோர்க் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கி ஏறியது.

"போகுதா?"

"போகுதுடா."

"அன்னிக்கும் இப்படித்தான் போச்சு, நார்மன். நல்லாத்தான் போச்சு. நான்தான் வேகமாப் போயிட்டேன்."

நார்மன் திரும்பவில்லை. "அவ்ளோ வேகமா எதுக்குடா போன?" என்று கேட்டான்.

"வயசு. வேற என்ன."

அப்படியே பின்னால் சாய்ந்து தம்பியின் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டான் நார்மன். கடைசி போல்ட்டை நான்தான் இறுக்கினேன். எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்றுகூட இருவரும் சொல்லித்தர வேண்டியிருந்தது, அதற்கும் ஒரு சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரமே நார்மன் போய்விட்டான். அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது க்ளைவைச் சமையலறைக்குள் இழுத்துக் கேட்டேன், அன்றைக்கு உண்மையிலேயே நல்லாத்தான் போச்சா என்று.

"இல்லக்கா. மொத மேட்டுலயே கட்டையாட்டம் நின்னுச்சு." கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான், அது எப்போதோ காய்ந்துவிட்டது. "அவன் நம்பினானாக்கா?"

நார்மன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"நம்பிட்டாண்டா" என்றேன்.