நின்ற பெல்ட்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், ஓசூர், ஷார்ஜா என்று சுற்றியதில் மோட்டார் வேலை கைக்கு வந்தது. நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கும் ஒரு கிரஷரில் பதினோரு மாதம் இருந்தேன். அங்கே கல் போகும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டவன் அன்னவாசல்காரன், என் வயதுதான். உறவு எதுவும் இல்லை. மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வோம்.

கல் அதிகமானால் மோட்டார் முனகும், பெல்ட் மெதுவாகும். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காதாலேயே அளவு சொல்வான். கல் சிக்கினால் ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார் நின்றுவிடும். யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கும்வரை ஓடாது. அந்த நேரத்தில் கையை விட்டுக் கல்லை எடுப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

பிறகு டிரைவ் என்று ஒரு பெட்டி வந்தது. நான்தான் மாட்டினேன். கரண்ட் நொடிக்கு ஐம்பது சுற்று மாறி மாறி வருகிறது. அந்த எண்ணிக்கையைக் குறைத்தால் மோட்டார் மெதுவாகும், கூட்டினால் வேகமாகும். டிரைவின் வேலை அதுதான். பாரம் ஏறி மோட்டார் பின்தங்கினால், அது இழுக்கும் கரண்டைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வேகத்தைக் குறையாமல் பிடித்துவைக்கும். முனகல் நின்றுபோனது.

"என்ன மாப்ள, இத ஊமையாக்கிட்டியே" என்றான்.

தாங்காத பாரம் வந்தால் டிரைவும் நின்றுவிடும். டிரைவ் மாட்டிய பேனல் அறை மேட்டில் இருந்தது. வெயிலில் ஏறி ஏறி ரீசெட் பண்ணி அலுத்துப்போய், நின்றால் முப்பது நொடியில் தானே கிளம்பும்படி ஒரு நாள் மாற்றி வைத்தேன். டிரைவின் செட்டிங்கில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மறுநாள் காலை பெல்ட் நின்றது. அவன் எப்போதும்போல் பெல்ட் ஓடும் உருளையடியில் கையை விட்டான். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துத் திருக்கோகர்ணத்தில் அவன் தங்கியிருந்த மாமியார் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவதற்காகவே போனேன். டீயைக் கொடுத்துவிட்டு அவன் மனைவி கேட்டாள்: "நின்ன மோட்டாரு எப்படிண்ணே தானா ஓடும்? இவுகளுக்கும் வெளங்கல."

ஐம்பது சுற்று, பாரம், கரண்ட் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

"நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான் அவன். "நீ பக்கத்துல இருந்திருந்தா, கைய விடாதடான்னு சொல்லியிருப்ப."

டீயைக் குடித்து முடித்தேன். பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தான். இங்கிட்டு வந்தால் வீட்டுக்கு வராமல் போகாதே என்றான். அதன்பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.