எஸ்தரம்மாவுக்கு அடுத்த இடம்

எங்கள் அக்கா நம்மை விட்டுக் கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவரை டீச்சராகத் தெரியும். சிலருக்குப் பிரம்போடு சேர்த்தே தெரியும். நான் எழுத நினைப்பது வேறு. நம் சபையில் எல்லாரும் கண்ணால் பார்த்து, யாருமே வாய்திறந்து பேசாத ஒன்று. பெருமையோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கமும் உண்டு. அது என்னைப் பற்றியது.

அக்கா பிறந்தது பள்ளிக்கரணையில். அப்பா அங்கே உபதேசியாராக இருந்தார். அம்மா காசநோயில் இறந்தபோது அக்காவுக்கு வயது பதினெட்டு, எனக்கு நாலு. பிறகு தாம்பரத்துக்கு வந்தோம். அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்துத் தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க இருக்கு, போதும்" என்பார்.

அக்கா பக்தியைப் பற்றி அதிகம் பேசுகிறவர் அல்ல. அடுத்த வீட்டு மாமி பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோது, அவர்கள் துளசிச் செடிக்கு அக்காதான் தினமும் தண்ணீர் ஊற்றினார். அதை யாரோ ஐயரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கேட்டதற்கு அக்கா, "செடி வாடுது, தண்ணி ஊத்தறேன் ஐயர். பூஜை பண்ணல" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

அறுபதுகளின் கடைசியில் எஸ்தரம்மா எங்கள் சபைக்கு வந்தார். காசநோய் மருத்துவமனையில் பல மாதம் இருந்து குணமானவர். புருஷன் வீட்டில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரும்புலியூரில் ஓர் அறை பிடித்து, ரவிக்கை தைத்துப் பிழைத்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. பீடத்துக்கு முன்னாலிருக்கும் மரக் கிராதியில் வரிசையாக முழங்காலிடுவோம். ஐயர் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் எடுத்து வந்து, விளிம்பைத் துணியால் துடைத்துத் துடைத்து, ஒருவர் பின் ஒருவராகக் கொடுப்பார். எஸ்தரம்மா முழங்காலிட்டால் அவருக்கு அடுத்த இடம் மட்டும் காலியாக இருக்கும். புடவையைச் சரிசெய்வதுபோல நின்றுவிட்டு, அடுத்த வரிசைக்குப் போவார்கள். அப்படிப் புடவையைச் சரிசெய்தவர்களில் நானும் ஒருத்தி. அம்மாவைக் கொண்டுபோன நோய் என்பதால் எனக்குப் பயம் அதிகம்.

ஒரு மாதம் எஸ்தரம்மா இருக்கையை விட்டு எழவே இல்லை. ஆராதனை முடிந்ததும் அக்கா அவரிடம் போனார்.

"ஏன் எஸ்தர், நீ வரல?"

"பரவால்ல டீச்சர். நான் குந்திகினே ஜெபம் பண்ணிக்கிறேன். என்னால அவங்களுக்கு இன்னாத்துக்கு சங்கடம்?"

"டாக்டர் இன்னா சொன்னாரு?" அவரைச் சிரிக்கவைக்க அக்காவும் அதே பேச்சில் கேட்டார்.

"நோய் சுத்தமா இல்லன்னாரு."

"அப்ப சரி. அடுத்த மாசம் எழுந்து வா. உனக்கு அடுத்து நான்."

அடுத்த மாதம் அப்படியே நடந்தது. அதற்கடுத்த மாதமும். முன்வரிசையில் உட்காரும் அக்கா, எஸ்தரம்மா எழும்வரை காத்திருந்து, பின்னாலேயே போய் அவருக்கு அடுத்து முழங்காலிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் சபைதான். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "உங்க அக்காவைக் கொஞ்சம் தள்ளி முழங்கால் போடச் சொல்லும்மா. எங்க வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் அழுதேன். கல்யாணம் முடியும்வரை, இரண்டே மாதம், வேறு வரிசையில் போகும்படி கெஞ்சினேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "அம்மாவுக்குத் தனி டம்ளர் எடுத்து வச்சது யார் தெரியுமா? நான்தான்டி. அம்மா ஒண்ணுமே சொல்லல. கடைசி வரைக்கும் அதுலதான் குடிச்சாங்க" என்றார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று எஸ்தரம்மா எழுந்து போன பிறகும் அக்கா இருக்கையிலேயே இருந்தார். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். எனக்காக இருந்துவிடுவார் என்றே நம்பினேன். பிறகு எழுந்து போனார்.

வரன் நின்றுபோனது. நான் இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை. அவர் தினமும் என் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி வைத்தார். நானும் வீறாப்பாக எடுத்துப் போனேன். பின்னர் ஊரப்பாக்கத்து மனிதர் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். அந்தப் பழைய வரனிடமிருந்து தப்பித்தவள் நான்தான் என்பதை, இந்த மலருக்கு அச்சுப்பிழை திருத்துகிற அந்த மனிதருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.

சபையில் யாரும் அக்காவைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆனால் வருஷங்கள் போகப்போக அக்காவுக்கு அடுத்த இடம் காலியாக இருந்ததில்லை. எஸ்தரம்மாவுக்கு அடுத்த இடம் மட்டும் கடைசிவரை அக்காவுடையதாகவே இருந்தது.

சென்ற ஆண்டு அக்கா படுத்த படுக்கையானார். இருதயக் கோளாறுதான், ஆனால் இருமல் ஓயவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவரே தமக்குத் தனி டம்ளர் வைத்துக்கொண்டிருந்தார். ஐயர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுத்தார். எஸ்தரம்மாவும் நானும் கட்டிலருகே இருந்தோம்.

"எனக்குக் கடைசியா குடுங்க ஐயர்" என்றார் அக்கா. "இருமிக்கிட்டே இருக்கேன்."

ஐயர் தயங்கினார். எஸ்தரம்மா தயங்கவில்லை. "முதல்ல டீச்சருக்கு ஐயர். அவங்களுக்கு அடுத்து நான்."

அக்கா குடித்தார். எஸ்தரம்மா குடித்தார். பிறகு பாத்திரம் என்னிடம் வந்தது. எஸ்தரம்மாவுக்கு அடுத்து நான் அதை வாங்கியது அன்றுதான் முதல் தடவை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் போய்விட்டார்.

அக்காவின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து கவனித்த மருத்துவர், வந்து ஜெபித்த ஐயர், வேளை தவறாமல் ரசம் கொடுத்தனுப்பிய அடுத்த வீட்டு மாமி, முறைபோட்டு வந்து உட்கார்ந்திருந்த பழைய மாணவர்கள், எங்கள் துக்கத்தில் தோள்கொடுத்த சபையார், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரவும் பகலும் அக்காவோடு இருந்த எஸ்தரம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

நினைவு ஆராதனையில் திருவிருந்தும் உண்டு. அனைவரும் வந்து பங்குபெற வேண்டுகிறேன். கிராதியில் எங்கு வேண்டுமானாலும் முழங்காலிடுங்கள். எஸ்தரம்மாவுக்கு அடுத்த இடத்தை மட்டும் தயவுசெய்து எனக்கு விட்டுவிடுங்கள்.