எழுபத்திரண்டுக்கு ஒரு மாப்பு

கணக்குப் படிப்பிக்கும் சேர் வகுப்புக்குள் வருமுன்னே அவருடைய அத்தர் மணம் வந்துவிடும். கற்பிட்டிக் களப்புக் காற்றில் அரைச்சுவர் தாண்டி வரும் கருவாட்டு வாசத்தையும் அது அமுக்கிவிடும். அவரிடமிருந்து ஆறாந்தரப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கிடைத்தது அந்த மணம் ஒன்றுதான்.

அந்தத் தவணை முழுவதும் அவர் எங்களுக்குப் "பொ.ம.சி." படிப்பித்தார். பொது மடங்குகளுட் சிறியது, அதாவது கொடுத்த எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண், என்று சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். அவரோ அதைச் சொல்லாமல் கரும்பலகையில் ஒரு கோடு கீறி, அதற்கு "ஏணி" என்று பேர் வைத்து, எல்லா எண்களையும் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் எழுது, வகுபடாவிட்டால் நிறுத்து, எல்லாவற்றையும் பெருக்கு என்று ஓதவைத்தார். ஏன் என்று கேட்டவருக்கு, "ஏணில ஏறச் சொன்னா ஏறணும், ஏணிய ஆராயக் கூடாது" என்பார். இதைப் பெரிய தத்துவம்போலச் சொல்லிவிட்டுத் தாமே சிரிப்பார்.

என் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்தவள் ஸஜ்னா. நாலுக்கும் ஆறுக்கும் அவர் ஏணி கீறி முடிக்குமுன்னே, "பன்னெண்டு சேர்" என்றாள். எப்படி என்று கேட்டார்.

"நாலு நாலா எண்ணினேன், ஆறு ஆறா எண்ணினேன். ரெண்டும் பன்னெண்டுல சந்திச்சிச்சு."

"சந்திக்கிறதுக்கு இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்றார் சேர். வகுப்பே சிரித்தது. பொ.ம.சி.க்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பிறகு கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி மிஸ் ஒருவர் பாடம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. சேர் ஒரே கணக்கை, பன்னிரண்டும் பதினெட்டும், நாடகம்போல எங்களுக்குப் பழக்கினார். யார் கையுயர்த்துவது, யார் விடை சொல்வது எல்லாம் ஏற்பாடு. வந்த மிஸ்ஸோ நாடகத்தைப் பார்த்து முடித்துவிட்டு, "ஆறு, எட்டு, ஒன்பதுக்குச் செய்து காட்டுங்கோ சேர்" என்றார். மூன்றையும் ஒன்றாக வகுக்கும் எண் இல்லாததால் ஏணி முதற்படியிலேயே நின்றது. சேர் மூன்றையும் பெருக்கி நானூற்று முப்பத்திரண்டு என்று எழுதி, அடியில் இரட்டைக்கோடும் போட்டார்.

"இதைவிடச் சின்னது இருக்கா?" மிஸ் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

ஸஜ்னா எழுந்தாள். "எழுபத்திரண்டு மிஸ். ஒன்பது ஒன்பதா எண்ணிட்டு வந்தேன். ஆறும் எட்டும் அங்கதான் வந்து சேருது."

மிஸ் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். சேருடைய முகம் மட்டும் வெந்துபோயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் அவர் ஸஜ்னாவின் வாப்பாவைப் பிடித்து, மகளுக்கு மரியாதை தெரியாது என்று முறையிட்டார். திங்கள் காலை வாப்பா அவளை வகுப்பு வாசலுக்குக் கூட்டிவந்தார். "சேர்ட மனச நோகடிச்சிட்டாய். மாப்புக் கேளு புள்ள."

"மாப்பு சேர்."

"எதுக்கு மாப்பு?" பழி தீர்ப்பதிலும் அவருக்குப் படிமுறை வேண்டியிருந்தது.

"எழுபத்திரண்டு என்டு சொன்னத்துக்கு சேர்."

அந்த வார்த்தையில் அவர் வெட்கிப்போவார் என்று நினைத்தேன். அவரோ பெரிய மனதுபண்ணித் தலையாட்டினார். "சரி, இனிமே கவனமா இரு." எங்கள் கொப்பிகளிலெல்லாம் நானூற்று முப்பத்திரண்டுக்குச் சரி போட்டார். ஸஜ்னா அதற்குப்பிறகு அவர் பாடத்தில் கையுயர்த்தவில்லை.

இப்போது அந்த அரைச்சுவர்க் கட்டடம் இல்லை. மாடி எழும்பிவிட்டது. சேர் ஓய்வுபெற்றபோது ஊர் கூடிப் பொன்னாடை போர்த்தி, "கணிதத்தின் தந்தை" என்று பதாகை கட்டியது. நானும் அழைக்கப்பட்டேன், போகவில்லை. புத்தளத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருக்கும் எனக்குப் போன பெருநாளில் ஊரில் ஸஜ்னாவைக் காணக் கிடைத்தது. மகள் ஆறாந்தரமாம்.

"லீவு நாளையில அவளுக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் குடு," என்றாள் சிரித்துக்கொண்டே. "எனக்குத்தான் சின்னதுலேயே கணக்கு வராதே."